முதல் ரீலின் கடைசி முகம்

மாசி மாதம் ஒரு காலையில் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். தோளில் ஒரு ஜோல்னாப் பை, கையில் இரண்டு தகர டப்பாக்கள். டப்பாக்களுக்குள் நான் மூன்று வருடம் அலைந்து எடுத்த ஐம்பது நிமிடப் படம் இரண்டு ரீலாகச் சுருண்டு கிடந்தது. பதினாறு எம்.எம்., கறுப்பு வெள்ளை, பெயர் 'தொப்பூர் இறக்கம்'. அந்த மலைப்பாதையில் லாரி ஓட்டும் முனிராஜ் என்பவரையும் அவர் மனைவி மாதம்மாவையும் பற்றிய ஆவணப் படம். படப்பிடிப்பு பாதியில் இருக்கும்போதே அதே இறக்கத்தில் வண்டி கவிழ்ந்து முனிராஜ் இறந்துபோனார். முதல் ரீல் அவர் உயிரோடு இருந்த நாட்கள். இரண்டாவது ரீல் அவர் இல்லாத வீடு.

என்னை அழைத்தவர் செபாஸ்டியன். இந்த ஊரில் ஒரு வங்கியில் குமாஸ்தா, வயது என்னைப் போல முப்பத்து நான்கு. அவர் நடத்துகிற திரைப்படச் சங்கத்தில் மொத்தம் பன்னிரண்டு உறுப்பினர்கள், அதில் மூன்று பேர் அவருடைய சொந்தக்காரர்கள். நான்கு நாளில் நான்கு ஊர்களில் படத்தைப் போடுவது, ஒவ்வோர் இடத்திலும் நான் பேசுவது என்று ஏற்பாடு. பேசுவதைப் பற்றி எனக்குக் கவலையே இருக்கவில்லை. மெட்ராஸில் படம் போட்டபோது ஒரு ஆங்கிலப் பத்திரிகைக்காரர் முதல் ரீலின் கடைசியில் வரும் ஒரு முகத்தைப் பற்றி அரைப் பத்தி எழுதிவிட்டார். கணவன் வண்டி ஏறிப் போவதை மாதம்மா ரோட்டோரம் நின்று பார்க்கும் முகம். நெற்றியில் குங்குமம், தலையில் பூ, கண் மட்டும் எதையோ முன்கூட்டியே அறிந்ததுபோல் இருக்கும். அன்றிலிருந்து அந்த முகத்தைப் பற்றி அரை மணி நேரம் பேச எனக்குத் தயாராக ஒரு உரை இருந்தது.

செபாஸ்டியன் வீடு ஊரை ஒட்டி, மாதா கோயிலுக்குப் பின்னால். அவருடைய அப்பாவும் அண்ணனும் இன்னும் விவசாயம்தான். மதியம் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார்கள். மெட்ராஸில் களி என்றால் ஜெயிலுக்குப் போனவர்கள் சாப்பிடுவது என்றுதான் எங்களுக்குத் தெரியும். நான் அதை மெல்ல முயன்றதைப் பார்த்து அவருடைய மனைவி, "மெல்லாதீங்கண்ணா, முழுங்கிடுங்க" என்றார். முழுங்கினேன். இரண்டாவது உருண்டையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதல் காட்சி ஒரு பள்ளிக்கூட ஹாலில். புரொஜெக்டர் அமீர் பாயுடையது. கடைவீதியில் ரேடியோ ரிப்பேரும் மைக் செட் வாடகையுமாகக் கடை வைத்திருப்பவர். எங்கிருந்தோ பழைய புரொஜெக்டர் ஒன்றை வாங்கி, ஒவ்வொரு பல்சக்கரமாகத் துடைத்துப் பெற்ற பிள்ளைபோல வைத்திருந்தார். "ஓட்டறது நான், பேசறது நீங்க. ஓட்டம் நின்னா என்னியக் கேளுங்க. பேச்சு நின்னா எனக்குத் தெரியாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

பேச்சு நிற்கவில்லை, அதுதான் கோளாறு. படத்துக்கு முன்னால் இருபத்தைந்து நிமிடம் பேசினேன். யதார்த்தம், பிம்பம், பார்வையாளனின் பங்கு என்று எனக்குத் தெரிந்த அத்தனை சொற்களையும் இறக்கினேன். முன்வரிசையில் ஒருவர் மரியாதையாகத் தூங்கினார். பின்வரிசை ஒவ்வொருவராக டீ குடிக்கப் போய்விட்டுப் படம் ஆரம்பித்த பிறகு திரும்பி வந்தது. மெட்ராஸில் படம் முடிந்ததும் எழுந்து நிற்பவர்கள் கேள்வி என்ற பெயரில் தங்களைப் பற்றிப் பேசுவார்கள். இங்கே யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் எழுந்தார்.

"சார், அந்த லாரி எறங்கறப்ப நியூட்ரல்ல வருதே, அது வேணும்னு வெச்சதுங்களா?"

எனக்குப் புரியவில்லை. வண்டியின் சத்தத்தை நானே ரோட்டோரம் உட்கார்ந்து பதிவு செய்திருந்தேன்.

"கியர்ல எறங்குனா வண்டி மொனகிட்டு வருங்க. இது காத்தாட்டம் வருது. டீசல் மிச்சம் புடிக்க அப்படி வுடுவாங்க. பிரேக் மட்டுந்தான் அப்ப தொணை."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அதை நாங்கள் பார்வையாளர் முடிவுக்கு விட்டிருக்கிறோம்" என்றேன்.

"முடிவு என்னாங்க இருக்குது, வண்டி கவுந்துடும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். யாரோ சிரித்தார்கள், பிறகு முனிராஜ் நினைவுக்கு வந்து அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. மூன்று வருடம் அந்தச் சத்தத்தோடு குடித்தனம் நடத்தியவன் நான். அது என்ன சத்தம் என்று ஒரு டிரைவரிடமும் கேட்டதில்லை.

மறுநாள் ஒகேனக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அமீர் பாய் புரொஜெக்டரையும் டப்பாக்களையும் மொபெட்டில் கட்டிக்கொண்டு முன்னாலேயே போய்விட்டார். நானும் செபாஸ்டியனும் பிற்பகல் பஸ். எங்களுக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் என் தாடியையும் ஜோல்னாப் பையையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள். என்ன சொல்கிறார்கள் என்று செபாஸ்டியனைக் கேட்டேன். சொல்ல மறுத்தார், பிறகு சொன்னார். "இவன் சாமியாராகப் போகிறவனா, இல்லை சாமியாராக இருந்து திரும்பி வருகிறவனா?" என்று ஒருத்தி கேட்டாளாம். "திரும்பி வருகிறவன்தான், முகத்தில் பசி தெரிகிறது" என்று மற்றவள் சொன்னாளாம்.

பென்னாகரம் தாண்டியதும் பஸ்ஸின் பின்சக்கரம் வெடித்தது. மாற்று டயர் டிப்போவில் இருப்பதாகக் கண்டக்டர் நிதானமாக அறிவித்தார். இறங்கி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். மரத்தின் மேல் ஒரு ஆள் நின்று கிளையை உலுக்க, கீழே பெண்கள் பழத்தைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கன்னடக்காரப் பெண்களில் ஒருவர் பையிலிருந்து நிப்பட்டு என்கிற மொறுமொறு பலகாரம் எடுத்து எனக்கு இரண்டு கொடுத்தார். பசி தெரிகிறது என்றவர் அவர்தான். கண்டக்டரோடு சண்டை போடலாம் என்று எழுந்தவன் நிப்பட்டைத் தின்றுகொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

போய்ச் சேர்ந்தபோது படம் முடியும் தறுவாயில் இருந்தது. கூட்டம் நிறைந்திருந்ததால் அமீர் பாய் எனக்காகக் காத்திருக்கவில்லை. முன்னுரை இல்லாமல், இயக்குநர் இல்லாமல், என் படம் தானே ஓடி முடிந்திருந்தது. விளக்கு எரிந்ததும் நான் வாயைத் திறக்குமுன்பே கேள்விகள் வந்தன. அந்த டிரைவருக்கு எத்தனை பிள்ளை? லாரி முதலாளி பணம் கொடுத்தாரா? அந்தம்மா இப்போது எப்படி இருக்கிறார்? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், சுருக்கமாகச் சொன்னேன். நான் பேசாமல் இருந்தால்தான் இவர்கள் பேசுகிறார்கள் என்பது பஸ் டயர் வெடித்ததால் கற்றுக்கொண்ட பாடம்.

அதோடு நின்றிருக்கலாம். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் கேட்டார்: "பாதியில ஒரு எடத்துல அந்தக்கா வூட்டுக்காரர அனுப்பிட்டு ஒரு பார்வ பாக்குதே, அப்ப மனசுல என்னா நெனச்சிருக்கும்?" தயாராக இருந்த உரை தானே வெளியே வந்தது. இந்தத் தடவை எளிய சொற்களில் சொன்னேன். இந்த மனுசன் திரும்பி வராமல் போய்விடுவானோ என்று அந்தப் பெண் மனதுக்கு அன்றே தெரிந்துவிட்டது, அதைக் கேமரா பார்த்துவிட்டது என்றேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பேசக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்றே நினைத்தேன்.

காலையில் ஒகேனக்கல் அருவிக்கரையில் மீன் தின்றோம். மாசியில் தண்ணீர் குறைந்து பாறைகள் எலும்புபோலத் தெரிந்தன. தட்டி போட்ட கடையில் ஒரு பெண் காவிரிக் கெண்டையை மசாலா தடவி எங்கள் கண்முன்னே வறுத்துத் தந்தார். முந்தின நாள் படம் பார்த்திருந்த பரிசல்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்தம்மாவ உங்களுக்கு நல்லாத் தெரியும் போல" என்றார். "நல்லாத் தெரியும்" என்றேன், மீன்முள்ளைத் துப்பிக்கொண்டே.

அன்று மாலைதான் முக்கியமான காட்சி. தொப்பூர் இறக்கத்துக்கு அடியில் இருக்கிற மாதம்மாவின் ஊர். பெயர் வேண்டாம். படத்தை முடித்து ஒரு வருடமாகியும் நான் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. பஸ் நின்ற இடத்தில் கவிழ்ந்த லாரி ஒன்றிலிருந்து வெங்காய மூட்டைகளை இன்னொரு லாரிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஓட்டலில் சாம்பார் வாளியோடு நின்றவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெட்ராஸில் ஒரு சைக்கிள் விழுந்தாலும் கூட்டம் கூடும்.

மாதம்மா பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர் வேலையில் இருந்தார். விதவைகளுக்கு முன்னுரிமை என்று கிடைத்த வேலை. பிள்ளைகள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அண்டாவைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க" என்றார். நான் வாங்கி வந்திருந்த புடவையை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"அதெல்லாம் இப்ப வாணாங்க. ஏற்கெனவே நீங்க குடுத்தது போதும்."

செபாஸ்டியன்தான் தன்மையாகக் கேட்டுக் கேட்டு விஷயத்தை வெளியே கொண்டுவந்தார். இரண்டு மாதம் முன்பு சேலத்தில் ஒரு கல்லூரியில் என் படத்தைப் போட்டிருக்கிறார்கள். அங்கே வேலை பார்க்கும் இந்த ஊர்க்காரர் ஒருவர் பார்த்திருக்கிறார். முதல் ரீலின் கடைசி முகத்துக்குப் பின்னால், கொஞ்சம் மங்கலாக, ஒரு கட்டடம் தெரியும். சுண்ணாம்பு அடித்த சுவர், புதுக் கதவு. அது இந்தச் சத்துணவுக் கூடம். இது கட்டப்பட்டது முனிராஜ் செத்துப் பல மாதம் கழித்து. மெட்ராஸில் யாருக்கும் அது தெரியாது. இந்த ஊரில் பிறந்த யாருக்கும் அது தெரியாமல் போகாது. புருசன் செத்த பிறகு மாதம்மா பூவும் பொட்டுமாக நிற்கிறாள், அப்படியென்றால் வேறு ஆளோடு வாழ்கிறாள், விதவை என்று பொய் சொல்லி வேலை வாங்கிவிட்டாள் என்று பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்கு மொட்டைக் கடிதம் போய்விட்டது.

"திங்கக்கெழமக்குள்ள வெளக்கம் குடுக்கணுமாம். இல்லன்னா வேலய நிறுத்திடுவாங்களாம்" என்றார் மாதம்மா.

"படத்துக்காக வைத்தது என்று சொல்லவில்லையா?" என்று கேட்டேன்.

"சொன்னனே. யாரு நம்பறாங்க? தாலியறுத்தவளுக்கு எந்தப் படக்காரனாவது பூவும் பொட்டும் வெச்சுவுடுவானான்னு கேக்கறாங்க. அப்படி ஒரு மனுசன் இருப்பானான்னு கேக்கறாங்க."

அப்படி ஒரு மனுசன் இருந்தான், அவர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். முனிராஜ் வண்டி ஏறிப் போகிற காட்சியை அவர் இருந்தபோதே எடுத்தோம். ஃபிலிமை மாற்றுவதற்கு ஒரு கறுப்புத் துணிப்பை உண்டு. வெளிச்சம் படாமல் அதற்குள் கையை விட்டு மாற்ற வேண்டும். அன்று அதன் ஜிப்பை நான் சரியாக மூடவில்லை. கணவன் போகிற காட்சி பிழைத்தது, மனைவி பார்க்கிற காட்சி வெளிச்சம் பட்டு வெறும் வெள்ளையாகிப்போனது. முனிராஜ் இறந்து எட்டு மாதம் கழித்து மறுபடி போனபோது அந்த ஒரு ஷாட் இல்லாமல் முதல் ரீல் முடியாது என்று எனக்குத் தோன்றியது. முந்தின காட்சியில் பூ, பொட்டு. எனவே இதிலும் பூ, பொட்டு வேண்டும். எங்கள் தொழிலில் அதற்குக் கன்டின்யூட்டி என்று பெயர். ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் சட்டைப் பொத்தான் மாறினால்கூடக் கத்துகிற ஆள் நான். பொத்தானைப் பார்த்தவன் பெண்ணைப் பார்க்கவில்லை.

"எனக்கு ஒரு லெட்டர் போட்டிருக்கலாமே" என்றேன். கேட்டதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"உங்க அட்ரஸ் எனக்கு எங்கீங்க தெரியும்?"

மூன்று வருடம் வந்து போயிருக்கிறேன். அந்த வீட்டில் எத்தனையோ வேளை சாப்பிட்டிருக்கிறேன். விலாசம் எழுதிய ஒரு துண்டுக் காகிதம் கொடுத்ததில்லை.

நாளைக்கே யூனியன் ஆபீசுக்கு வந்து அதிகாரியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கிறேன், இன்றைக்குப் படம் வேண்டாம் என்றேன். நியாயமான யோசனை என்றுதான் சொன்னேன். ஊர் முன்னால் நிற்காமல் தப்பிக்கும் யோசனையும் அதுதான்.

மாதம்மா தலையை ஆட்டினார். "ஆபீசர்கிட்ட சொன்னா ஆபீசருக்குத்தாங்க தெரியும். நான் குடியிருக்கறது இந்த ஊர்ல. படத்தப் போடுங்க. எல்லாரும் பாக்கட்டும். அப்பறம் நீங்க எந்திரிச்சு நின்னு சொல்லுங்க."

வெளியே வந்ததும் செபாஸ்டியன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், அடுத்த மாசம் டெல்லி விழாவுக்குப் போற படம். செட்டப் பண்ணி எடுத்ததுன்னு வெளிய தெரிஞ்சா..." ஆறு மணிக்கு ஒரு சேலம் பஸ் உண்டு என்பதை ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அது வந்தது, ஹாரன் அடித்தது, போயிற்று. நான் ஏறவில்லை. தைரியம் என்று சொல்ல மாட்டேன். அமீர் பாய் அப்போது என்னை ஏணியைப் பிடிக்கச் சொல்லியிருந்தார், விட்டால் விழுந்துவிடுவார்.

பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு மூங்கிலுக்கு நடுவில் வேட்டியை இழுத்துக் கட்டினோம். ஊரே வந்திருந்தது. வோல்டேஜ் குறைவாக இருந்ததால் படம் சற்று மங்கலாகத்தான் விழுந்தது. திரையில் முனிராஜ் வண்டிச் சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தபோது கூட்டம் "டேய் முனிராஜு!" என்று கூவியது. பெண்கள் பக்கம் ஒரு அழுகை எழுந்து அடங்கியது. மெட்ராஸில் அந்த இடத்தில் யாரும் அசைய மாட்டார்கள். இங்கே செத்தவர் வந்து போனார்.

பிறகு அந்த முகம் வந்தது. பின்னணியில் நான் போட்ட வயலின் இசை. முணுமுணுப்பு கிளம்பியது. "பாரு, சமையக்கூடம்" என்று ஒரு குரல் கேட்டது. ரீல் முடிந்து திரை வெள்ளையானது. அமீர் பாய் குண்டு பல்பைப் போட்டுவிட்டு இரண்டாவது ரீலைக் கையில் எடுத்தார், மாட்டாமல் என்னைப் பார்த்தார்.

எழுந்து போய்த் திரைக்கு முன்னால் நின்றேன். மைக்கை வாங்கிக்கொண்டேன். யதார்த்தமும் பிம்பமும் எங்கே போயின என்று தெரியவில்லை.

"இப்ப பார்த்த முகம் முனிராஜ் இறந்து எட்டு மாசம் கழிச்சு நான் எடுத்தது. அவர் இருந்தப்ப எடுத்ததை என் அஜாக்கிரதையால கெடுத்துட்டேன். அதனால மறுபடி எடுத்தேன். பூவும் குங்குமமும் நான்தான் தொப்பூர் கடையில வாங்கினேன். அவங்க மாட்டேன்னு சொன்னாங்க. அஞ்சு நிமிஷம்தான், யாருக்கும் தெரியாதுன்னு நான்தான் கட்டாயப்படுத்தினேன். முடிஞ்சதும் அவங்க அப்பவே அழிச்சுட்டாங்க. இதுல அவங்க தப்பு எதுவும் இல்லை."

"இப்ப பேசி வெச்சுக்கிட்டுச் சொல்றாங்க" என்று பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது. சிலர் ஆமோதித்தார்கள். எனக்குப் பதற்றம் ஏறியது. இன்னும் ஏதாவது சொன்னால்தான் நம்புவார்கள் என்று தோன்றியது.

"பொட்டு வெச்சதும் அவங்க கண்ணு கலங்கிடுச்சு. விதவைக்குப் பொட்டு வெச்சா அழாம என்ன செய்வாங்க? அதைப் பார்த்தும் நான் நிறுத்தலை. நல்லா இருக்குன்னு கேமராவை ஓட விட்டேன். உலகமெல்லாம் பாராட்டின பார்வை அதுதான்."

"அது இல்லீங்க."

சமையல்கூடத்து வாசலிலிருந்து மாதம்மா பேசினார். எல்லாத் தலைகளும் திரும்பின. அவர் வெளிச்சத்துக்கு வரவில்லை. குரல் மட்டும் வந்தது, உரக்கவும் இல்லை.

"பொட்டுக்காக நான் அழுவல. அந்நேரம் மேல் வளைவுல ஒரு வண்டி வந்துச்சு. ரெண்டு தரம் ஆரன் அடிச்சுது. எங்க வூட்டுக்காரரு லோடு எறக்கிட்டு வாரப்பல்லாம் அந்த எடத்துல ரெண்டு தரம் அடிப்பாரு. வந்துட்டேன், ஒல வெய்யின்னு அர்த்தம். உங்க எல்லாருக்கும் தெரியுமே. நெத்தியில பொட்டு வேற இருந்துச்சா, ஒரு நிமிசம் எனக்கு ஒண்ணுமே நெனப்புல இல்ல. ஐயோ, இன்னும் ஒல வெக்கலியேன்னுதான் பாத்தேன்."

மேலே ரோட்டில் லாரிகள் இறங்கிக்கொண்டே இருந்தன. முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு லாரி கிளீனர், "ஆமா, அண்ணன் ரெண்டு தரம் அடிப்பாரு" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. ஒரு பெண் எழுந்து போய் மாதம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டார். பிறகு இன்னொருவர்.

நான் மைக்கைக் கீழே வைத்தேன். மெட்ராஸிலிருந்து நேற்று வரை சொன்னது பொய். இப்போது உண்மை என்று நெஞ்சைத் திறந்து சொன்னதும் தப்பு. இரண்டு தடவையும் அந்தப் பெண்ணின் மனதில் என்ன இருந்தது என்பதை நானே சொன்னேன். அவரிடம் கேட்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வாயால் சொன்னது பத்தாது, எழுதித் தரணும் என்றார்கள். பள்ளிக்கூட மேசையை எடுத்துப் போட்டு ஒரு பக்கத்தில் நான் எழுதிக் கையெழுத்திட்டேன், என் மெட்ராஸ் விலாசத்தோடு. கேட்டோம் என்று ஊர்க்காரர்கள் கீழே கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். பேசி வெச்சுக்கிட்டுச் சொல்றாங்க என்றவர் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். இரண்டாவது ரீலைப் போடவா என்று அமீர் பாய் கேட்டார். வேண்டாம் என்றார்கள். அது எங்களுக்குத் தெரிஞ்சதுதானே என்றார் ஒருவர்.

மறுநாள் காலை மாதம்மாவோடு யூனியன் ஆபீசுக்குப் போனோம். அதிகாரி ஒரு பெண். காகிதத்தை இரண்டு தடவை படித்தார், கடைசிக் கையெழுத்து வரைக்கும் விரலை ஓட்டினார். என்னைப் பார்த்து, "படிச்சவர்தானே நீங்க?" என்று மட்டும் கேட்டார். கோப்பில் சேர்த்துவிடுகிறேன், வேலையை நிறுத்த வேண்டியதில்லை என்று மாதம்மாவிடம் சொன்னார். மாதம்மா கும்பிட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொரு மணிக்குள் பிள்ளைகளுக்கு அரிசி போட வேண்டும்.

பஸ்ஸுக்கு நின்றபோது, மெட்ராஸ் போனதும் அந்த ஷாட்டை வெட்டி எடுத்துவிடுகிறேன், இனி எங்கேயும் வராது என்று சொன்னேன்.

"வெட்டாதீங்க" என்றார். "அதுல பாட்டு மாதிரி என்னமோ போட்டிருக்கீங்களே, அத எடுத்துடுங்க. ஆரன் போடுங்க. ரெண்டு தரம்."

அவர் பஸ் ஏறிப் போனார். ஒலியை மாற்றிப் புதிய பிரின்ட் எடுக்க அப்போது எனக்கு வழியில்லை. அன்று சாயங்காலம் கிருஷ்ணகிரியில் கடைசிக் காட்சி, வியாபாரிகளும் ஆசிரியர்களுமாக ஒரு சிறு ஹால். அமீர் பாயிடம் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் எதையும் தயார் செய்துகொண்டு போகவில்லை, திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

முகம் வந்தது. அமீர் பாய் வயலினை முழுவதும் இறக்கினார். புரொஜெக்டர் ஓடுகிற சத்தம் மட்டும் ஹாலில் கேட்டது.

"இப்ப மேல் வளைவுல ஒரு லாரி ரெண்டு தரம் ஆரன் அடிக்குது" என்றேன். "அடிச்சா, வீட்டுல உலை வைக்கணும். அந்தம்மா சொன்னாங்க."

ரீல் முடியும் வரை நான் வேறு எதுவும் பேசவில்லை.